எழுதியபடியே பேசியவள்

வேஷம் பேச வந்தால் மற்ற நடிகைகள் முதலில் கேட்பது எத்தனை சீன், என்ன புடவை, திரும்பிப் போக வண்டி உண்டா என்பதைத்தான். அந்த அம்மாள் அதையெல்லாம் கேட்டு நான் பார்த்ததில்லை. வசன நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாடகம் எழுதியவரை நிமிர்ந்து பார்த்து, "இந்தப் பொம்பளை மத்தியானம் என்ன சாப்பிட்டுட்டு வரா?" என்று கேட்பாள்.

எழுதியவர்கள் முழிப்பார்கள். ராஜகுமாரி நந்தவனத்தில் உலாவுகிறாள் என்று எழுதிய ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது. "கதைக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார்.

"வயிறு நிறைஞ்சவ பேசற பேச்சு வேற, காஞ்சவ பேசற பேச்சு வேறங்க."

அவர் சற்று யோசித்து, "தயிர் சாதம்னு வெச்சுக்கோயேன்" என்றார். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். நாடகத்தன்று ராஜகுமாரி லேசான தூக்கக் கலக்கத்தோடு நந்தவனத்தில் உலாவினாள். பார்த்தவர்கள் அதை விரக தாபம் என்று நினைத்து மெச்சிக்கொண்டார்கள். தயிர் சாதம் என்று எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் ப்ராம்ப்டர். மேடையின் ஓரத்தில், பக்கத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, நடிகர்கள் மறந்துபோகும் வசனத்தைச் சன்னமாக எடுத்துக் கொடுப்பவன். பகலில் கண்டோன்மெண்டில் ஒரு வக்கீலிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். ஐம்பதுகளில் காவிரிக்கு இந்தப் பக்கம் பக்தி நாடகம் போடுவார்கள், அந்தப் பக்கம் திருச்சியில் கட்சிக்காரர்கள் சீர்திருத்த நாடகம் போடுவார்கள். இரண்டுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குக் கொள்கை கிடையாது, சைக்கிள் உண்டு. அதனால் இரு தரப்புக்கும் என் மேல் நம்பிக்கை.

இரண்டு இடத்துக்கும் பொதுவான இன்னொரு ஆள் அந்த அம்மாள். நடிக்கிற ஆண்கள் எல்லோரும் ஆபீஸ் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், கடைக்காரர்கள். தங்கள் வீட்டுப் பெண்களை மேடை ஏற்றுவார்களா? மாட்டார்கள். ஆகவே பெண் வேஷத்துக்கு வெளியிலிருந்து ஆள் வர வேண்டும். அவள் உறையூரில், தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில், ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். புருஷன், பிள்ளை, உறவு எதைப் பற்றியும் அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒத்திகைக்கு வந்தால் அவளுக்கு மட்டும் காப்பி வேறு டம்ளரில் வரும். திருச்சியில் அந்த வேற்றுமை இல்லை, மேடையில் "அன்புத் தங்கையே" என்பார்கள். ஆனால் அந்த அண்ணன்மார் எவர் வீட்டு வாசற்படியையும் அவள் மிதித்ததில்லை. நாடகம் முடிந்ததும் ஆண்கள் கும்பலாகச் சிரித்துக்கொண்டு காப்பி கிளப்புக்குப் போவார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காதோரம் ஒட்டியிருக்கும் பவுடரோடு, தகரப் பெட்டியைக் காலடியில் வைத்து டவுன் பஸ்ஸுக்கு நிற்பாள். பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். கைதட்டின பெண்களே வந்து உட்கார மாட்டார்கள். சைக்கிளில் பஸ்ஸைக் கடந்து போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே அந்தக் காலி இடம் எனக்குத் தெரியும்.

அந்தக் காலத்து நாடகச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாடகத்தை முழுக்க எழுதி முன்கூட்டியே போலீஸில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அவர்கள் சிவப்பு மையால் அடித்துவிட்ட வரிகளைப் பேசக்கூடாது. எழுதிக் கொடுக்காததையும் பேசக்கூடாது. கட்சி நாடகம் என்றால் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் முன் வரிசையில் உட்கார்ந்து, பிரதியை மடியில் விரித்து, டார்ச் லைட் அடித்து வரி வரியாக ஒத்துப் பார்ப்பார். கதாநாயகன் நடுவில் திடீரென்று அரசாங்கத்தைக் குத்தி ஒரு வசனம் சேர்த்துவிடுவான். ஜனம் விசில் அடிக்கும். சப்-இன்ஸ்பெக்டர் பக்கத்தை இப்படியும் அப்படியும் புரட்டுவார். மறுநாள் கேஸ். கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தால் ஜெயில் வாசலில் மாலை, மேளம், ஊர்வலம்.

அவள் ஒரு வார்த்தை சேர்த்ததில்லை. ஒரு வார்த்தையை விழுங்கியதும் இல்லை. அவள் மேடையில் இருக்கும்போது நான் நோட்டை மூடி வைத்துவிடலாம். அவளுக்கு வந்த தொல்லையெல்லாம் அதனால்தான் வந்தது என்று சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு சபாவில் அவளுக்கு ஒரு வணிகரின் மனைவி வேஷம் கொடுத்தார்கள். குழந்தை செத்துப்போகிறது. அவள் பெருமாளை வாய்க்கு வந்தபடி பேசுகிறாள். கண் போகிறது. கடைசி சீனில் மனம் திரும்பிப் பாட, கண் வருகிறது. எழுதியவர் சபா காரியதரிசிதான். அவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "குழந்தை போய் மூணாம் நாள். அவ எங்கே சாப்பிட்டிருக்கப் போறா? பச்சைத் தண்ணி கூட இறங்கியிருக்காது" என்றார் அவர், அனுபவஸ்தர் மாதிரி.

அதுதான் வினையாகிவிட்டது. அவர் மனத்தில் இருந்தது தலையை விரித்துப்போட்டுக்கொண்டு கூச்சல் போடும் ஒரு ராட்சசி. மேடையில் வந்து நின்றவளுக்குக் கூச்சல் போடத் தெம்பில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மனுஷரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்: "உனக்கு வேளை தவறாமல் தளிகை. என் குழந்தைக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லையே. நீ பார்த்துக்கொண்டுதானே படுத்திருந்தாய்?"

சபையில் ஒரு விசிறி அசையவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாமி, பக்கத்திலிருந்த மாட்டுப்பெண்ணிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "ஏண்டி, அவ கேக்கறது நியாயந்தானே?"

அதற்கப்புறம் கண் போனதும், பாடினதும், கண் வந்ததும் யார் மனசிலும் ஒட்டவில்லை. ஜனங்கள் மங்களம் பாடுவதற்கு முன்னாலேயே எழுந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் போனார்கள். காரியதரிசி உள்ளே வந்து பதறினார்.

"என்னம்மா பண்ணிட்டே? பகவானை நிந்திச்சவ திருந்தறான்னு கதை எழுதினா, அவ திருந்தவே வேண்டாம்னு தோணும்படியா பண்ணிட்டியே! அபசாரம், அபசாரம்! நீ கத்தியிருக்கணுமோன்னோ?"

"மூணு நாள் பட்டினி கெடந்தவளால கத்த முடியாதுங்க. நீங்கதானே சொன்னீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். அதில் இருந்தது அவர் எழுத்துத்தான். அன்றோடு ஆற்றுக்கு இந்தப் பக்கத்தில் அவளுக்கு வேஷம் நின்றது.

விஷயம் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குப் போயிற்று. அங்கே கட்சியில் ஒருவர் இருந்தார். நல்ல பேச்சாளர், நாடகம் எழுதி அவரே கதாநாயகனாகவும் நடிப்பார், மாலை வாங்கிக்கொண்டு ஜெயிலிலிருந்து வந்தவர். "நம்ம ஆளுய்யா அது!" என்று துள்ளிக் குதித்து, மாலையோடு உறையூருக்கே போய்விட்டார். ஒரு கூட்டத்தில் அவளை மேடையில் நிறுத்தி, ஸ்ரீரங்கத்துக்குள்ளேயே புகுந்து ரங்கநாதரைக் கேள்வி கேட்ட வீராங்கனை என்று அறிமுகம் செய்தார்.

"நான் கேக்கலைங்க. அந்தப் பொம்பளைதான் கேட்டா" என்றாள் அவள், மைக் இல்லாமல். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

அவர் தன் புது நாடகத்தில் அவளுக்குக் கொடுத்தது ஒரு ஏமாளி வேஷம். புருஷன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். அவன் பிழைக்க வேண்டுமென்று அவள் ஒரு போலிச் சாமியாரிடம் தன் மூக்குத்தியைக் கொடுக்கிறாள். கதாநாயகன் வந்து அவளைக் கேலி செய்து சாமியாரைத் தோலுரிக்கிறான். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டிய சீன். ஒத்திகையில் அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டதும், "பக்திதான் அவளுக்குச் சாப்பாடு!" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தானே யோசித்துக்கொண்டு, "புருஷனுக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்திருப்பா. அடியில நின்னதை இவ குடிச்சிருப்பா" என்று சொல்லிக்கொண்டாள். யாரும் காதில் வாங்கவில்லை.

நாடகத்தன்று பெருங்கூட்டம். சாமியார் கையை நீட்டினார். அவள் மூக்குத்தியைக் கழற்ற வேண்டும். அன்னிய ஆண்கள் எதிரே ஒரு பெண் மூக்குத்தியைக் கழற்றுவாளா? அவள் சட்டென்று சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். ஜனங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகும், உயர்ந்த முழங்கையும்தான். திருகாணி இறுகியிருந்தது போல. நேரமாயிற்று. ஆரம்பத்தில் சிரித்த நாலைந்து பேரும் அடங்கிவிட்டார்கள். திரும்பியபோது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தாள்.

கதாநாயகன் பாய்ந்து வந்து, நாடகத்திலேயே பெரிய கைதட்டல் வாங்க வேண்டிய வசனத்தைச் சொன்னார்: "மூக்குத்தியோடு மூளையையும் கழற்றிக் கொடுத்துவிட்டாயா?"

ஒரு சத்தம் இல்லை. அவள் நோட்டில் இருந்த பதிலைச் சொன்னாள்: "என் வீட்டுக்காரர் பிழைச்சா போதுமுங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பாவம், அந்தம்மாவை விடுய்யா!" அப்புறம் ஆண்கள் பக்கத்திலிருந்தும் இரண்டு மூன்று குரல்கள். எத்தனையோ மேடைகளை ஆட்டிவைத்த மனிதர், அவர் எழுதிய நாடகத்தில், அவர் கட்சிக்காரர்கள் நடுவில், வில்லனாக நின்றார். அடுத்த வசனம் அவருக்கு மறந்துபோயிற்று. இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தேன்.

இடைவேளையில் சப்-இன்ஸ்பெக்டர் பிரதியும் கையுமாக என்னிடம் வந்தார். இளம் வயசு, மெலிந்த ஆள்.

"அந்தம்மா ஏதாவது சேத்துச் சொன்னாங்களா?"

"இல்லைங்க. எழுதினபடிதான்."

"அப்ப இப்ப என்னமோ நடந்துச்சே, அது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தேடிக்கொண்டிருந்தார்.

உள்ளே கதாநாயகன் அவளிடம் பாய்ந்துகொண்டிருந்தார். "நம்ம கொள்கையையே கவுத்துட்டியேம்மா! அவ முட்டாள். அவளைப் பார்த்து ஜனங்க சிரிக்கணும்."

"முட்டாள்தாங்க. ஆனா அது அவளுக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

பக்திக்காரர்களும் பகுத்தறிவுக்காரர்களும் அதுவரை எந்த விஷயத்திலும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. அவளைக் கூப்பிடுவதில்லை என்பதில் ஒத்துப்போனார்கள். வசனம் சேர்த்தவனுக்கு மாலை கிடைத்தது. எழுதியபடி பேசியவளுக்கு ஒரு கேஸ்கூட இல்லை. கேஸ் போட்டால்தானே விடுதலை, ஊர்வலம் எல்லாம்! சும்மா கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள். அவள் தறிகாரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்தும், ஜாக்கெட் தைத்தும் காலத்தைத் தள்ளினாள். உறையூர்ப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். "என்னண்ணே, எங்க நாடகம்?" என்று அவள் முதலில் கேட்பாள். இருந்தாலும் இல்லை என்பேன். அவளுக்கு நான் பொய் சொல்கிறேன் என்று தெரியும். மோர் கொடுப்பாள், குடித்துவிட்டு வருவேன்.

ஒரே ஒரு தடவை அந்தக் கதாநாயகர் இறங்கி வந்தார். பெரிய மாநாட்டில் அதே நாடகம், வேறு நடிகை சரிப்படவில்லை. "சிரிக்க வெச்சிடும்மா, போதும். இனிமே எங்க குழுவுல நீதான் நிரந்தரம்" என்றார். அவள் ஒத்திகைக்கு வந்தாள். செய்து காட்டினாள். மூக்குத்தி திருகாணியோடு அவள் போட்ட மல்லுக்கட்டையும், சாமியாரை ஓரக்கண்ணால் பார்த்த பார்வையையும் கண்டு, சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. பெஞ்சியைத் தட்டிக்கொண்டு சிரித்த கதாநாயகர், "இதை அன்னிக்கே செஞ்சிருக்கக் கூடாதா?" என்றார்.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். "இது எனக்கு வராதுன்னு நெனைச்சிருந்தீங்க. வரும். ஆனா அந்தப் பொம்பளை என்னை நம்பி வந்திருக்கா. அவளை நாலு பேருக்கு முன்னால காட்டிக் குடுக்க எனக்கு மனசு வரலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் வீட்டில் அரிசி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பிறகு ஆட்சி மாறிற்று. கதாநாயகர் சென்னைக்குப் போய் ஏதோ பதவியில் உட்கார்ந்தார். எந்தச் சட்டத்தை மேடைக்கு மேடை திட்டினார்களோ அந்தச் சட்டம் அப்படியே இருந்தது. வைத்திருந்த கை மட்டும் மாறியது.

அந்தச் சமயத்தில் பொன்மலையில் தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து, ரேஷன் கடையைப் பற்றி ஒரு சிறிய நாடகம் போட்டார்கள். அரிசிக்கு வரிசையில் நிற்கும் ஒரு தாய். மூன்று நாள் வருகிறாள். கடைக்காரர் மூன்று நாளும் "நாளைக்கு வா" என்கிறார். அவள் மூன்று தடவையும் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவளுக்கு அதற்கு மேல் வசனமே கிடையாது. நான்தான் அந்த அம்மாளின் பெயரைச் சொன்னேன். கூட்டிக்கொண்டு வந்தார்கள். தலை நரைத்திருந்தது. இந்தத் தடவை அவள் எழுதியவரிடம் எதுவும் கேட்கவில்லை. "இவ என்ன சாப்பிட்டான்னு எனக்கே தெரியும்" என்றாள்.

கடைசி ஒத்திகையைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். அன்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிய அதே ஆள்தான். உடம்பு போட்டு, உத்தியோகம் உயர்ந்து, மறுபடியும் திருச்சிக்கு மாற்றலாகி வந்திருந்தார். இந்தத் தடவை பிரதியைத் திறக்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் வெளியே வந்து குழுத் தலைவரிடம் சொன்னார்: "நாடகம் போட்டுக்குங்க. ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனா அந்தம்மா வேணாம்."

"எழுதிக் குடுங்க சார்."

"என்னன்னு எழுதறது? சரிங்கன்னு சொல்லக்கூடாதுன்னா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலில் அதிகாரம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. "வேற யாரையாவது போடுங்க. இல்லாட்டி அனுமதி வராது. அவ்வளவுதான்."

உறையூருக்குப் போய் அவளிடம் சொன்னார்கள். "நீங்க இல்லாம நாங்க போட மாட்டோம்க்கா" என்றார்கள். அப்படிச் சொல்லும்போதே போடத்தான் போகிறார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. "போடுங்க தம்பி. அரிசி விஷயம். நான் குறுக்க நிக்கலாமா?" என்று அவளே முடித்து வைத்தாள். வேறொரு பெண் நடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டரும் தட்டினார். கலைந்து வீட்டுக்குப் போனோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அவளைப் பார்க்கப் போனேன். அவள் மோர் கொடுக்கவில்லை. என்னை ஸ்டூலில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். "அண்ணே, நீங்க கடைக்காரர். நாளைக்கு வான்னு மட்டும் சொல்லுங்க. எங்க தப்புப் பண்றேன்னு எனக்குத் தெரியணும். பத்து வருஷமா எவனும் சொல்ல மாட்டேங்கறான்" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கையில் காலிப் பையோடு சுவரோரமாக நின்றாள். அங்கே இல்லாத ஒரு வரிசை அவளை முன்னாலும் பின்னாலும் நெருக்கியது. மெல்ல நகர்ந்து என்னிடம் வந்தாள். "நாளைக்கு வா" என்றேன். "சரிங்க" என்று தலையாட்டி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கிப் போனாள். மறுபடி வந்தாள். இந்தத் தடவை "சரிங்க" சொல்லிவிட்டும் உடனே நகரவில்லை. நான் வேறு ஏதாவது சொல்வேனோ என்று நின்று பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் முறை வந்தபோது நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கு என் பதில் தெரிந்துவிட்டது. பையை மடித்தாள். இன்னொரு மடிப்பு மடித்தாள். என்னை நேராகப் பார்த்து, "சரிங்க" என்றாள்.

கோபம் இல்லை, சாபம் இல்லை, கண்ணீர்கூட இல்லை. நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். கதவைத் திறந்துகொண்டு ஓடி, யார் சட்டையையாவது பிடித்து உலுக்கி, அரிசி எங்கே என்று கேட்க வேண்டும்போல் கை பரபரத்தது. என் வாழ்நாளில் நான் யார் சட்டையையும் பிடித்தவன் இல்லை. மேடை ஓரத்தில் நின்று ரகசியம் பேசியே காலம் தள்ளியவன்.

அவள் வேஷத்திலிருந்து வெளியே வந்து, பையைக் கொடியில் போட்டுவிட்டு, "சொல்லுங்கண்ணே. இதுல தப்பு எங்க இருக்கு?" என்றாள்.

ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "தப்பே இல்லைம்மா. ஆனா அந்த இன்ஸ்பெக்டர் சொன்னது சரிதான். ஆயிரம் பேருக்கு முன்னால நீங்க இதைச் செஞ்சா, அவங்க வீட்டுக்குப் போக மாட்டாங்க" என்றேன்.

அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் போய்ச் சாத்திய கதவைத் திறந்து வைத்தாள்.

"அப்ப ஒரு ஆளாவது ஒழுங்கா பார்த்திருக்காரு" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.